மாட்டுக் கொட்டகையை வீடாக்க நினைப்பவர்களுக்கு: நீலகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், கேத்தி பக்கம் தேயிலைக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே பழைய செங்கல் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. மாட்டுக் கொட்டகை, உருளைக்கிழங்குக் கிடங்கு, உர மூட்டை அடுக்கிய அறை, தேயிலைக் கொழுந்து எடை போட்ட கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் ஒரு வேலை இருந்தது. கிழங்கு குறைந்து தேயிலை பெருகியது, மாடும் குறைந்தது, கட்டடம் மட்டும் மிச்சம். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கண்ணுக்கு அது அழகாகத் தெரிகிறது. அழகுதான். ஒன்பது அங்குலமோ பதினான்கு அங்குலமோ தடித்த சுவர், ஓட்டுக் கூரை, சுற்றிலும் பச்சை. இடித்துவிட்டுக் கான்கிரீட் பெட்டி கட்டுவதைவிட இதை வீடாக்குவது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வேலையின் வரிசை முக்கியம். பெரும்பாலோர் சமையல் மேடைக்கு என்ன கல் போடலாம் என்பதில் தொடங்குகிறார்கள். மலையில் தொடங்க வேண்டிய இடம் காகிதம், அடுத்தது தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத் தீர்க்காமல் உள்ளே செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு மழைக்காலத்துக்குள் சுவர் திருப்பித் துப்பிவிடும்.

காகிதம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல், குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று. இவை எங்கும் கேட்பவைதான். மலையில் இவற்றுக்கு மேல் சில கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி, கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது. ஊரில் எல்லோரும் ‘ஹாகா’ என்றே சொல்வார்கள். 1990-இல் வந்த ஏற்பாடு அது. பட்டியலிலுள்ள கிராமத்தில் நிலப் பயன்பாட்டை மாற்றவும் கட்டவும் ஊராட்சியின் கையெழுத்து மட்டும் போதாது. வனம், சுரங்கம், வேளாண்மைப் பொறியியல் போன்ற துறைகளின் கருத்தும் தேவைப்படும். இரண்டாவது, நிலம் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா. வந்தால் விற்பதற்கே அனுமதி வேண்டும். மூன்றாவது, கூடலூர், பந்தலூர் பக்கமென்றால் அது 1969-ஆம் ஆண்டு ஜன்மம் (பழைய நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தின் ‘பிரிவு 17’ நிலமா. அங்கே பல குடும்பங்கள் தலைமுறைகளாகப் பட்டா இல்லாமல் இருப்பதற்குக் காரணமே இந்தப் பிரிவுதான். மசினகுடி, சீகூர் பக்கமென்றால் யானை வழித்தடத்தையும் பாருங்கள். அந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது; வழித்தடத்துக்குள் கட்டடம் வாங்குவது வழக்கை விலை கொடுத்து வாங்குவதாகும்.

“கட்டடம் ஏற்கெனவே இருக்கிறதே, அனுமதி எதற்கு?” என்று தரகர் கேட்பார். கொட்டகையாகப் பதிவான ஒன்றைக் குடியிருப்பாக மாற்றுவது பயன்பாட்டு மாற்றம். கூரையை உயர்த்தினாலோ, அறை சேர்த்தாலோ அது கட்டுமானம். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி நெடுநாளாக இருக்கிறது; மாடி எடுக்கும் ஆசையை அதற்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், அது உங்கள் நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும். மண் வெட்டும் பொக்லைன் வண்டியை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. ‘அப்புறம் போர் போட்டுக்கொள்ளலாம்’ என்ற நினைப்பில் தண்ணீர் இல்லாத இடத்தை வாங்காதீர்கள்.

ஒரு வழக்கறிஞர், ஒரு உரிமம் பெற்ற நில அளவையர், உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் போய் ஒரு பேச்சு. இந்த மூன்றும் முடியும் முன்பு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரு மழைக்காலம் சும்மா இருங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாங்கியபின் முதல் மழையைக் கட்டடத்தோடு கழியுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு கிடைக்கும். சாதாரண மழையை வைத்து மலையைக் கணக்கிட முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மழையில் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். மேட்டிலிருந்து வரும் நீர் எந்த மூலையில் மோதுகிறது, கூரைத் தண்ணீர் விழுந்து எங்கே குழி பறித்திருக்கிறது, உள்ளே எந்தச் சுவர் எந்த உயரம் வரை கறுத்திருக்கிறது என்று பாருங்கள். கரித்துண்டால் ஈரத்தின் விளிம்பில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை நின்று ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த ஈரம். அசையாமல் அதே இடத்தில் நின்றால் தரையிலிருந்து ஏறுகிறது, அல்லது உப்பு பிடித்து வைத்திருக்கிறது.

விரிசல்களையும் இதே காலத்தில் கவனிக்க வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு சிறு பட்டை ஜிப்சம் பூசித் தேதி குறியுங்கள். பட்டை பிளந்தால் கட்டடம் இன்னும் நகர்கிறது என்று பொருள். பிளக்காவிட்டால் அது பழைய காயம். விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்கியிருக்கலாம். கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி. சாந்தின் வழியாகப் படிப்படியாக ஏறும் மெல்லிய விரிசலுக்குப் பயப்படத் தேவையில்லை. செங்கல்லையே பிளந்துகொண்டு விரல் நுழையுமளவு போகும் விரிசலுக்குக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள், மேஸ்திரியை அல்ல. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் வெளியே சாய்கிறதா என்றும் பாருங்கள். பழைய கொட்டகைகளில் கைமரங்களின், அதாவது கூரையின் சாய்வு மரங்களின், கீழ்முனைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டை இல்லாவிட்டால், கூரையின் பாரம் சுவர்த் தலையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

செங்கல் நல்லதா என்று அறிய உதிர்ந்து கிடக்கும் ஒன்றை எடுங்கள். நகத்தால் கீறினால் பொடி வரக் கூடாது. இரண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. சாந்து எதுவென்று தெரிய, சுவரிடுக்கிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மண் சாந்து காலைக்குள் கரைந்து அடியில் சேறாகிவிடும். சுண்ணாம்புச் சாந்து கட்டியாகவே கிடக்கும். மண் சாந்துச் சுவர் கெட்டதல்ல. அதன் தலையும் பாதமும் நனையாமல் காப்பாற்றினால் நம்மைவிட அதிக நாள் நிற்கும்.

மேட்டுப் பக்கச் சுவர்

சரிவில் கட்டிய கொட்டகைக்கு ஒரு பக்கம் எப்போதும் மேடு. வருடா வருடம் மண் வழிந்து வந்து அந்தச் சுவரின் மேல் சாய்ந்திருக்கும். சில இடங்களில் வெளித்தரை உள்தரையைவிட இரண்டடி உயரம்கூட இருக்கும். உள்ளே எவ்வளவு பூசினாலும் அந்தச் சுவர் காயாது.

அந்த மண்ணை எடுப்பதுதான் முதல் கட்டுமான வேலை. உள்தரைக்குக் கீழே அரையடியாவது வெளித்தரை இறங்கும் வரை எடுங்கள். ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் வெட்டாதீர்கள். மேட்டு மண் சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். ஆறடி வெட்டி, சரிவைத் தாங்க வைத்து, அடுத்த ஆறடிக்குப் போங்கள். மழை முடிந்த தை, மாசியில் செய்ய வேண்டிய வேலை இது. மேட்டு மண்ணுக்குத் தனியாகத் தாங்குசுவர் கட்டி, அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டால் உத்தமம். தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விட மறக்காதீர்கள். துளையில்லாத தாங்குசுவர் தாங்குவதில்லை, ஒருநாள் மொத்தமாகச் சாயும்.

அந்த இடைவெளியில் ஒரு வாய்க்கால். நூறடிக்கு ஓரடி சரிவு போதும். அடியில் துளையிட்ட குழாய், மேலே உருட்டு ஜல்லி, மண் புகாமல் சுற்றிலும் துணி. ஒரு விதியை மீறக் கூடாது: வாய்க்காலின் அடி, சுவரின் அடித்தளத்துக்குக் கீழே போகக் கூடாது. பழைய கொட்டகைகளின் அடித்தளம் ஆழமில்லாதது. அதற்குக் கீழே தோண்டினால் சுவர் காலடியில் பள்ளம் பறித்ததாகிவிடும். எனவே முதலில் ஒரு மூலையில் சிறு குழி வெட்டி அடித்தளம் எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள்.

கூரை நீருக்கும் வழி வேண்டும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். பெருமழை நாளில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். தாழ்வார விளிம்பு முழுக்கத் தகர ஓடை வைத்து, குழாயில் இறக்கி, ஒரு பகுதியைத் தொட்டியில் சேமியுங்கள். கோடையில் குன்னூர்ப் பக்கம் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்குத் தொட்டியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நிரம்பி வழிவதைப் பாறையோ ஓடையோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள், பக்கத்துத் தோட்டக்காரரின் மேட்டில் அல்ல. மலையில் பாதிச் சண்டை தண்ணீரைத் திருப்பிவிட்டதால் வருவது.

உப்பு

மாடு கட்டிய கொட்டகையா, உரம் வைத்த அறையா என்றால் இதை இரண்டு முறை படியுங்கள்.

தீவனத்தொட்டி இருந்த சுவருக்கு எதிர்ச்சுவரில், மாட்டின் பின்பக்கம் நின்ற பக்கத்தில், முழங்கால் உயரத்தில் பாருங்கள். செங்கல் முகத்தில் வெள்ளை நிறத்தில் பஞ்சு போலச் சன்னமாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் உதிரும். அதற்கடியில் செங்கல்லின் தோல் மெல்லிய தகடாகக் கழன்று வரும். சாந்து செங்கல்லைவிட உள்வாங்கியிருக்கும். தரையோரத்தில் சிவப்புப் பொடி ஒரு வரிசையாகக் குவிந்திருக்கும். பெருக்கிவிட்டுப் போனால் அடுத்த வாரம் மறுபடி குவியும். பழைய கொத்தனார்கள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். மாட்டுக் கொட்டகையில் அந்தச் சோதனையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பல ஆண்டுகளாக மாட்டு மூத்திரம் தரையிலும் சுவரிலும் ஊறியதால் வந்த நைட்ரேட் உப்பு அது. அதன் குணம் விசித்திரமானது. காற்றிலிருக்கும் ஈரத்தை அதுவே இழுத்துக் கரையும், வெயில் வந்தால் படிகமாகும். படிகமாகும்போது பருத்துச் செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே உடைக்கும். மூடுபனி காலத்தில் ஒரு சொட்டு மழையில்லாமலே சுவர் நனைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ‘ஒழுகல் எங்கே’ என்று கூரையைப் பிரித்துத் தேடினாலும் கிடைக்காது.

என்ன செய்யலாம்? முதலில், செய்யக் கூடாதது: தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள் ஆழமாகப் போகும். வறண்ட நாளில் முகமூடி கட்டிக்கொண்டு, இரும்புக் கம்பி இல்லாத நார்த் தூரிகையால் தேய்த்து, பொடியை அங்கேயே விடாமல் வாரி வெளியே எடுத்துப் போங்கள். பிறகு தரை. ஊறிய மண் தரைதான் உப்பின் கிடங்கு. ஓரடி ஆழம் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்த மண்ணைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

சுவரிலிருந்து உப்பை இழுக்க, உடம்பு வலிக்கு மருந்து அப்புவதுபோலப் பத்துப் போடலாம். களிமண்ணும் மணலும், அல்லது ஊறவைத்து அரைத்த காகிதக் கூழும், நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் ஓர் அங்குலம் அப்ப வேண்டும். காயக் காய உப்பு சுவரிலிருந்து பத்துக்குள் வரும். முழுதும் காய்ந்ததும் பெயர்த்து எறிந்துவிட்டு மறுபடி போட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பெரிய சுவருக்கு இதைவிட நடைமுறையானது, பலிகொடுப்பதற்கென்றே ஒரு பூச்சு பூசுவது: சுண்ணாம்பில் மணலை அதிகம் சேர்த்த மெலிந்த கலவை. ஒன்றிரண்டு ஆண்டுகளில் உப்பெல்லாம் அதில் வந்து பூக்கும், பூச்சு பொரியும், தட்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். செங்கல் தப்பிக்கும். உப்பு முழுவதும் ஒருபோதும் போகாது. எனவே அந்தச் சுவரில் அலமாரி பதிக்காதீர்கள், கட்டிலை ஒட்டிப் போடாதீர்கள், மின் இணைப்புப் பெட்டியை அங்கே வைக்காதீர்கள். நடைபாதையாகவோ விறகு அடுக்கும் இடமாகவோ இருக்கட்டும்.

கூரை

மங்களூர் ஓடு போட்ட கூரையென்றால் அதிர்ஷ்டம். அந்த ஓட்டின் முதல் ஆலையை 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு தொடங்கியது. அந்தப் பழைய அச்சு ஓடுகள் இன்றும் புது ஓட்டுக்குச் சவால் விடும். ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தட்டி, சத்தம் சரியாக வருபவற்றைத் தனியே அடுக்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய பதினைந்து ஓடு பிடிக்கும். பற்றாக்குறைக்கு இடிக்கிற வீட்டு ஓடு வாங்கலாம். ஆனால் அச்சு ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ஆலையின் ஓடு ஒன்றோடொன்று பொருந்தாது, பொருந்தாத இடத்தில் ஒழுகும்.

மரத்தைச் சோதிக்கத் திருப்புளி போதும். கைமரத்தின் நடுவில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. அது சுவரில் உட்காரும் முனையில் குத்துங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் வேலை செய்யும். திருப்புளி வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கினால் முனையை வெட்டி நல்ல மரத்தை இணைக்கலாம், முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய மரத்தில் சிறு துளைகளும் அடியில் மாவு போன்ற பொடியும் இருந்தால் வண்டு. புதுப்பொடி விழுந்துகொண்டிருந்தால் மட்டும் மருந்து.

ஓட்டுக்கடியில் பலகை மச்சு போடுங்கள், நடுவே காற்று ஓட இடம் விட்டு. மழைக்காற்று ஓட்டிடுக்கில் சாரலை ஏற்றும். பலகையின் மேல் நீர் புகாத விரிப்பு ஒன்று அவசியம். முகட்டு ஓட்டையும் ஓரத்து ஓட்டையும் கம்பியால் கட்டிவிடுங்கள். காற்றுக்காக மட்டுமல்ல, குரங்குக்காகவும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். நனைத்துவிட்டு, ஆணியை மெல்லக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். வேலையாட்களுக்குத் தூசு தடுக்கும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். கைக்குட்டை போதாது.

சுவரில் புது வாசல், புது சன்னல்

கிடங்குக்குச் சன்னல் தேவைப்படவில்லை, உங்களுக்குத் தேவை. எங்கே உடைப்பது என்பது அழகுக் கேள்விக்கு முன் பாரக் கேள்வி. மூலையிலிருந்து இரண்டடிக்குள் உடைக்காதீர்கள். கூரையின் பெரிய உத்திரம் உட்காரும் இடத்துக்கு நேர்கீழே உடைக்காதீர்கள். முதலில் சுவரின் குறுக்கே கட்டைகளை நுழைத்து இருபுறமும் முட்டுக் கொடுத்து, பிறகே உடைக்க வேண்டும். லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் விட்டம்) இருபக்கமும் அரையடிக்குக் குறையாமல் சுவரில் உட்கார வேண்டும். ‘முட்டெல்லாம் எதற்கு, நூறு முறை உடைத்திருக்கிறேன்’ என்கிற மேஸ்திரியை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

உடைத்தெடுக்கும் செங்கல்லைக் கரணையால் சுத்தம் செய்து அடுக்கி வையுங்கள். பழைய சுவரை ஒட்டுப்போட அதே அளவு செங்கல் வேறெங்கும் கிடைக்காது. முடிந்தவரை கிழக்கிலும் தெற்கிலும் பெரிய சன்னல் வையுங்கள். மார்கழிக் காலை வெயில் உள்ளே வரும்.

சுண்ணாம்பு

இங்கேதான் கொத்தனாரோடு வாக்குவாதம். “கொஞ்சம் சிமெண்ட் போட்டால்தான் பிடிக்கும் சார்” என்பார். அவர் கை பழகியது அதில். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. சிமெண்ட் நன்றாகத்தான் பிடிக்கும். சிக்கல் அதுவே. பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மென்மையானவை, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுபவை. அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும், மேலே மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும். ஐந்தாறு ஆண்டில் பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். அப்போது கெட்டது பூச்சு மட்டுமல்ல, சுவரே. ஏற்கெனவே யாராவது சிமெண்ட் பூசியிருந்தால், செங்கல் உரியாத இடங்களில் மட்டும் சிற்றுளியால் மெல்லத் தட்டியெடுங்கள். சாந்து இடுக்குகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டிச் சுண்ணாம்பால் நிரப்புங்கள்.

சுண்ணாம்பு கல்லா, சிப்பியா என்பது கிடைப்பதைப் பொறுத்தது. சுட்ட சுண்ணாம்பைத் தாளிக்கும்போது, அதாவது தண்ணீரில் போட்டு நீற்றும்போது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம். தாளித்ததை வடிகட்டித் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். ஒரு வாரம் குறைந்தபட்சம், ஒரு மாதம் நல்லது. மூடி வைத்தால் கெடாது, நாளாக ஆக வழவழப்பாகும். பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு கழுவிய மணல். ஈரம் அதிகமுள்ள அடிச்சுவரிலும் வெளிப்புறத்திலும் செங்கல்தூளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுர்க்கி என்று கேட்டால் பழைய கொத்தனார்களுக்குத் தெரியும். அது சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காய் ஊறிய நீர், வெல்ல நீர் சேர்க்கும் வழக்கமும் உண்டு, தெரிந்த கை கிடைத்தால் செய்யலாம். தெரியாத கை அளவில்லாமல் ஊற்றினால் எறும்புதான் வரும்.

அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசக் கூடாது. சுவரை நனைத்துவிட்டுப் பூசி, மறுநாள் மணியாசுக் கட்டையால் (பூச்சைச் சமன்செய்யும் பலகை) அழுத்தி, சாக்கு நனைத்துத் தொங்கவிட்டுப் பல நாள் ஈரம் காக்க வேண்டும். சிமெண்டைப் போல ஒரே நாளில் இறுகாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் சுண்ணாம்பு கல்லாகிறது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் பூச்சு வேலை வேண்டாம். உள்ளிருக்கும் நீர் உறைந்தால் பூச்சு பொலபொலவென்று உதிரும். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை நல்ல காலம். மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவு பாடும் வீண்.

தரை

உப்பு மண்ணை எடுத்த பள்ளத்தில், தூசில்லாத பெரிய ஜல்லி அரையடி. ஈரம் ஏறுவதை இது தடுக்கும். அதன் மேல் சுண்ணாம்புக் கான்கிரீட், மேலே சுட்ட களிமண் டைல்ஸ் அல்லது பலகை. பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மேலே சிமெண்ட் தரை போடுவது சுலபம், ஆனால் அடியில் தேங்கும் ஈரம் சுவர் வழியாக ஏறும். பலகைத் தரையென்றால் அடியில் காற்றோட, எலி புகாத கம்பிவலை வைத்த துளைகள் எதிரெதிர்ச் சுவரில் வேண்டும்.

குளிர், புகை

தடித்த சுவர் குளிரைத் தாங்கும், சூடாக்காது. கணப்பு வைப்பதானால் புகைபோக்கியின் வாய், கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மரச்சட்டம் எதுவும் புகைக்கூண்டைத் தொடக் கூடாது.

எது எப்படியானாலும், மூடிய அறையில் அடுப்புக்கரி மூட்டிக்கொண்டு தூங்காதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டி, விடியலில் எழாமல் போனவர்களைப் பற்றிய செய்தி மறுபடி மறுபடி வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சன்னலை நன்றாக அடைத்துக் குளிர் புகாமல் செய்த வீட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். படுக்கையறையில் மேலே ஒரு காற்றுத்துளை எப்போதும் திறந்திருக்கட்டும், குளிர்ந்தாலும் பரவாயில்லை.

கழிவுநீர், மின்சாரம், வருகிற விருந்தாளிகள்

கழிவுத் தொட்டியும் உறிஞ்சுகுழியும் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ச்சரிவில், எட்டத்தில் இருக்க வேண்டும். தாங்குசுவருக்கு மேலேயோ, வெட்டிய சரிவின் விளிம்பிலோ உறிஞ்சுகுழி வெட்டினால் மண்ணை ஊறவைத்துச் சரியச் செய்வீர்கள். கொட்டகைக்கு இருப்பது விவசாய மின் இணைப்பென்றால் அதில் குடியிருக்கக் கூடாது; வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பியுங்கள். வயரிங்கைப் புதிதாகச் செய்து, மண்ணிணைப்பைச் சோதித்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வையுங்கள். மலை இடி லேசானதல்ல.

கோத்தகிரிப் பக்கம் கரடி சமையலறைக் கதவைத் தேடி வரும்; எண்ணெய், சர்க்கரை, மாவு வாசனை போதும். சமையலறைக்குப் பலகைக் கதவு, உள்ளே குறுக்குத் தாழ், வெளியே எச்சில் இலை, குப்பை எதுவும் கிடக்கக் கூடாது. காட்டெருமை வாசலில் நின்றால் அது போகும் வரை நீங்கள் உள்ளே இருங்கள்.

சாமான் ஏற்றும் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணலும் ஜல்லியும் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும். லாரி எங்கே நிற்கும், அங்கிருந்து கட்டடம் எவ்வளவு தூரம் என்பதை வாங்கும் முன்பே நடந்து பாருங்கள். கடைசி இருநூறு அடி தலைச்சுமையென்றால் பொருளின் விலையைவிடக் கூலி கூடலாம். உத்தேசச் செலவுக்கு மேல் கால்பங்கு கையில் ஒதுக்கி வைக்காமல் தொடங்காதீர்கள்.

குடிபுகுந்த பிறகு

முதல் மழைக்காலத்தில் எங்கெங்கே சுவர் கறுக்கிறது, எங்கே மறுபடி வெள்ளை பூக்கிறது என்று குறித்துக்கொண்டே இருங்கள். உடனே பூச வேண்டாம். வாய்க்காலில் இலை அடைத்திருக்கிறதா, கூரையின் தகர ஓடை நிரம்பி வழிகிறதா என்று முதலில் பாருங்கள், பாதி ஈரம் அங்கேயே தீரும். அடுத்த மாசியில் பொரிந்த பூச்சை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்துப் புதுப்பூச்சு. இதற்காகவே பூச்சு வேலை முடிந்தபோது மிஞ்சிய சுண்ணாம்பு விழுதை வீசிவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.